கைமாறிய கிளி

நம்மவர் பேச்சிலே கிளிக்குத் தனியிடம் உண்டு. காத்திருந்து ஏமாந்தவனை ‘இலவு காத்த கிளி’ என்கிறோம். அருமையாக வளர்த்ததைத் தகாதவரிடம் ஒப்படைத்தவரைப் பார்த்து, ‘கிளியை வளர்த்துப் பூனை கையிற் கொடுத்தாற் போல’ என்கிறோம். பொருளுணராது பாடத்தை ஒப்புவிக்கும் மாணவனைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோம். இம்மூன்று வழக்குகளும் மனிதரைக் குறித்து எழுந்தவை. ஆயினும், வளர்த்த கிளியொன்றை வேறொரு வீட்டாரிடம் கொடுக்க நேரும்போது இவை மூன்றும் அக்கிளியையே நோக்கித் திரும்பிவிடுகின்றன. யாரிடம் கொடுக்கிறோம்? அது யாருக்காகக் காத்திருக்கப் போகின்றது? அது பேசுவது வெறும் ஒலிதானா? இவ்வாரம் இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வோம்.

நமது குடும்பங்களுக்கு இஃது அயலான விடயமன்று. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் குடியேறிவிட, முதுமையெய்திய பெற்றோரும் ஈற்றில் அவர்களிடம் போய்ச் சேர்கின்றனர். வீட்டைப் பூட்டலாம், காணியைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், பசுவை விற்கலாம். விறாந்தையிலே தொங்கும் கூட்டை என்ன செய்வது?

பயணம் மட்டுமே இதற்குக் காரணமன்று. கிளியின் ஆயுளும் ஒரு காரணமாகும். நமது சாதாரண பச்சைக்கிளி நன்கு பேணப்பட்டால் 25 அல்லது 30 ஆண்டுகள் வாழக்கூடியது. ஆபிரிக்கச் சாம்பற் கிளியோ 40 முதல் 60 ஆண்டுகள் வரை வாழும். ஐம்பது வயதிலே கிளி வளர்க்கத் தொடங்கும் ஒருவர், தமக்குப் பின் அதனைப் பேணுவார் யார் என்பதை அன்றே எண்ணி வைத்தல் வேண்டும். உடன்கொண்டு செல்வதும் எளிதன்று. 2016 ஆம் ஆண்டு ஜொகன்னஸ்பேர்க் நகரிற் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச மாநாடு, சாம்பற் கிளியை மிகக் கடுமையான காப்புக்குரிய முதலாம் பட்டியலிற் சேர்த்தது. அனுமதிப் பத்திரங்களின்றி அதனை நாடுவிட்டு நாடு கொண்டு போதல் இயலாது.

‘கூட்டைத் திறந்து விட்டாற் போயிற்று; புண்ணியமுமாகும்’ என்பாரும் உளர். குஞ்சுப் பருவந் தொட்டு மனிதர் கையால் உண்டு வளர்ந்த பறவை, இரை தேடும் வழியையும் பருந்துக்கும் பூனைக்கும் அஞ்சி ஒதுங்கும் முறையையும் தன் இனத்தாரிடம் கற்றதில்லை. ஆண்டுக்கணக்கிற் கூட்டில் இருந்தமையால் அதன் சிறகுகளும் வலிமை குன்றியிருக்கும். காகங்கள் சூழ்ந்து கொத்தும்போது எங்கே புகலடைவதென்று அதற்குத் தெரியாது. அத்தகைய பறவையைத் திறந்து விடுதல் விடுதலையளிப்பதன்று, கைகழுவி விடுதலேயாகும். தகுந்த வேறொரு வீட்டைத் தேடிக் கொடுப்பதே முறை.

வீடு மாறுவதாற் கிளிக்கு நேர்வது யாது என்பதை உணர வேண்டுமாயின், அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். கிளி தனித்து வாழும் பறவையன்று. சங்கச் செய்யுள்களிலே தினைப்புனங் காக்கும் மகளிர் ஓட்டுவது ஒற்றைக் கிளியையன்று. கதிர் கொய்ய வரும் கிளிக்கூட்டத்தையேயாம். இன்றும் கிளிகள் மாலைப்பொழுதிலே பெருந்திரளாகக் கூடி, ஆரவாரித்து, ஒரே தோப்பில் இராத் தங்கும் வழக்கமுடையன. இத்தகைய பறவையைத் தனியே கூட்டிலிட்டு வளர்த்தால், அது அவ்வீட்டாரையே தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளுகின்றது. ஆதலின் வீடு மாறுதல் அதற்கு வெறும் இடமாற்றமன்று. ஒரே நாளில் சுற்றத்தார் அனைவரையும் இழத்தலாகும். ‘அம்மா வெளிநாடு போகின்றார், நீ இங்கே இரு’ என்று காரணஞ் சொல்லி அதனை ஆற்றவும் நம்மால் இயலாது. சில கிளிகள் உணவை வெறுக்கும். சில வாய் திறவா. சில இடைவிடாது கத்தும். இன்னுஞ் சில தம் இறகைத் தாமே பிடுங்கி மார்பை வெறுமையாக்கிக் கொள்ளும்.

இவையெல்லாம் மனித உணர்ச்சியைப் பறவைமேல் ஏற்றிக் கூறும் கற்பனை எனச் சிலர் எண்ணலாம். அவர்கள் அலெக்ஸ் என்னும் சாம்பற் கிளியின் வரலாற்றை அறிதல் நன்று. ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977 இல் கடையொன்றில் அதனை வாங்கி, முப்பது ஆண்டுகள் பயிற்றினார். ஐம்பதுக்கும் அதிகமான பொருள்களை அது பெயர் சொல்லிக் குறித்தது. நிறத்தையும் வடிவத்தையும் பிரித்தறிந்தது. ஆறு வரை எண்ணிக்கை கூறியது. இரு பொருள்களைக் காட்டி அவை எதனால் ஒத்துள்ளன என வினவினால், நிறத்தாலா வடிவத்தாலா என்று விடை பகர்ந்தது. 2007 செப்டெம்பரில் அது இறந்தது. எல்லாக் கிளிகளும் அலெக்ஸ் ஆகிவிடா என்பது மெய்யே. ஆயினும், கிளியின் பேச்சு பொருளற்ற ஒலியே என்று தள்ளிவிடும் துணிவு இனி நமக்கு இருத்தலாகாது.

எங்கள் அயலிலுள்ள ஒரு குடும்பத்தாரிடம் அவ்வாறு கைமாறி வந்த பச்சைக்கிளியொன்று உண்டு. அதனைப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்த மூதாட்டியார் மகனிடம் கனடாவுக்குச் சென்றுவிட்டார். புதிய வீட்டிலே முதல் மூன்று வாரமும் கிளி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆள் அகன்ற பின்னரே உண்டது. அவ்வீட்டு மகன் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருந்தான். அவன் கூட்டினருகே மேசையைப் போட்டு, கிளியைப் பாராமலே நாள்தோறும் வாய்விட்டுப் பாடம் படித்து வந்தான். இரண்டாம் மாதத்தில் ஒருநாள், மாலை நான்கு மணியளவில், ‘பிள்ளை, தேத்தண்ணி!’ என்று ஒரு குரல் எழுந்தது. அம்மூதாட்டியாரின் குரலே அது. அவரது இழுப்பும் இருமலுங்கூட அதில் இருந்தன. வீட்டார் ஒரு கணம் திகைத்து நின்றனர். பின்னர் அவ்வீட்டு மகள், ‘இந்தா, கொண்டு வாறன்’ என்று மறுமொழி கூறி, ஒரு துண்டு கொய்யாப்பழத்தை எடுத்துச் சென்று நீட்டினாள். கிளி அதனை வாங்கிக் கொண்டது. அன்று முதல் நான்கு மணிக்கு அழைப்பும் மறுமொழியும் அவ்வீட்டு வழக்கமாயின.

அச்சிறுமி செய்தது சிறிய செயலெனினும், அதனுள்ளே பெரியதோர் உண்மை உண்டு. புதிதாகக் கிளியை ஏற்போர் பலர், அதன் பழைய வாழ்வை விரைவில் மறக்கச் செய்ய முயல்கின்றனர். பெயரை மாற்றுகின்றனர், பழைய சொற்களைக் கேட்டால் முகஞ் சுளிக்கின்றனர். அது தவறு. வீடும் முகங்களும் போய்விட்ட பின்னர் அப்பறவையிடம் எஞ்சியிருப்பவை அதன் பெயரும் அச்சொற்களுமே. அவற்றுக்கு மறுமொழி கிடைக்கும் இடத்தையே அது தன் வீடாக உணரும்.

இனிச் செயல்முறையை நோக்குவோம். கொடுப்பவர் கடமை முதலாவது. பழைய கூட்டையும், அது நாள்தோறும் அமரும் கொம்பையும், உண்டு பழகிய தானியத்தையும் கிளியுடனேயே அனுப்புதல் வேண்டும். கடிக்கும், கத்தும் என்னும் குறைகளை மறைத்தலாகாது. மறைத்துக் கொடுத்த கிளி மூன்றாம் வீட்டுக்கும் நான்காம் வீட்டுக்கும் பந்து போல எறியப்படும். ஏற்கும் வீட்டிலே பூனை உண்டா, பகல் முழுவதும் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடா என்று கேட்டறிவதும் கொடுப்பவர் பொறுப்பே. பழமொழியிலே வரும் பூனை நான்கு கால் உடையதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

ஏற்பவர், கூட்டைக் கண்மட்ட உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு சார்த்தி வைத்தல் நன்று. நாற்புறமும் வெளியாக இருப்பின் பறவை எத்திசையிலிருந்து ஆபத்து வருமோ என அஞ்சிக் கொண்டேயிருக்கும். இரவில் 10 முதல் 12 மணித்தியாலம் அமைதியும் இருளும் வேண்டும். தொலைக்காட்சி ஓடும் அறை அதற்கு ஆகாது. அயலவரெல்லாம் புதினம் பார்க்க வருவதை முதல் இரண்டு வாரங்களுக்கேனும் தவிர்த்தல் வேண்டும்.

கையைக் கூட்டினுள் விடுதற்கு அவசரம் வேண்டா. அருகே அமர்ந்து, மெல்லப் பேசி, அதனை நேரே உற்று நோக்காது, நம் வேலையை நாம் செய்தல் போதுமானது. இரைபிடிக்கும் விலங்கே கண் வாங்காது நோக்கும் என்பது பறவையின் பிறவியறிவு. விருப்பமான உணவைக் கம்பியிடையே நீட்டி, வாங்காவிடில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். இறகுகளை உடலோடு ஒட்டி நெட்டையாக நின்றால் அஞ்சுகின்றது என்று பொருள். கண்மணி சுருங்கி விரியுமாயின் உள்ளம் கிளர்ந்திருக்கின்றது. அவ்வேளை விரலை நீட்டுதல் கடிபடுதற்கே வழி. மாலையில் அலகை அரைக்கும் மெல்லிய ஒலி கேட்டால் மனநிறைவு கொண்டு மகிழலாம். கடித்ததற்காக அடித்தலும், கத்துந்தோறும் ஓடிச்சென்று அதட்டுதலும் பயன்தரா. கத்தினால் ஆள் வருவர் என்றே அது கற்றுக்கொள்ளும். மெல்லிய குரலில் அழைக்கும்போது உடனே மறுமொழி கொடுத்தல் சிறந்தது.

உணவை முதல் நாளிலேயே மாற்றுதல் கூடாது. வெறும் விதைகளை மட்டும் உண்டு வளரும் கிளிக்கு உயிர்ச்சத்து ‘ஏ’ குறைவுபடும் என்பது உண்மையே. எனினும் பழகியதை நிறுத்தாது, அதனோடு கீரை, கரட், முளைத்த பயறு, கோவைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சில வாரங்களில் மாற்றுதல் வேண்டும். மிளகாயின் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லையாதலால் பழுத்த மிளகாயை அது விரும்பி உண்ணும். அவக்காடோ எனப்படும் வெண்ணெய்ப்பழமும், சொக்கிலேற்றும், கோப்பியும், உப்பு மிகுந்த பண்டங்களும் கிளிக்கு நஞ்சாவன. ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை அளவுமீறிச் சூடாக்கினால் எழும் ஆவி பறவையைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடவல்லது. ஆகவே குசினியிற் கூட்டை வையாதிருத்தல் நலம்.

வீட்டில் வேறு பறவைகள் இருப்பின் புதியதை ஒரு மாதமாயினும் வேறறையில் வைத்தல் வேண்டும். கிளியிலிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்கும் காய்ச்சலொன்றும் உண்டு. கூட்டைத் துப்புரவு செய்தபின் கைகழுவுதலும், வாயிலிருந்து வாய்க்கு உணவு கொடாதிருத்தலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை. பறவைகள் நோயை மறைக்கும் இயல்பின. முழுநாளும் உண்ணாதிருந்தாலோ, இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் ஒடுங்கிக் கிடந்தாலோ, ‘ஏக்கந்தான், மாறிவிடும்’ என்று பொறுத்திராது மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் கிளி எப்போது இணங்கும் என்று நாளைக் குறித்துக் கூறல் இயலாது. சில வாரங்களிற் பழகுவனவும் உண்டு. ஓராண்டு கடந்து தோளில் வந்து அமர்வனவும் உண்டு. ஏற்பவர் தரவேண்டிய முதற்பொருள் காலமே; அன்பு அதனைத் தொடர்ந்து வரும்.

இறுதியாக, கிளி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகின்றேன். இன்றே ஒரு தாளை எடுத்து, உங்கள் கிளியின் பெயர், வயது, அது உண்பன, அஞ்சுவன, உறங்கும் வேளை, பேசும் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டார் கொடுக்கும் மறுமொழி ஆகியவற்றை எழுதிக் கூட்டினருகே மாட்டி வையுங்கள். பிறர் கைக்கு அது போகாமலேயிருக்கலாம். போக நேரின், முன்பின் அறியாத ஒரு வீட்டார் அதன் சொல்லுக்கு முதல் நாளிலேயே சரியான மறுமொழி கூற அந்தத் தாள் உதவும்.