மாற்று ரோட்டரும் மலிவு விலையும்

மைக்ரோ சென்ட்ரிஃபியூஜின் மூடியைத் திறந்தால், சாய்வான துளைகள் வட்டமாக அமைந்த ஓர் உலோகக் கிண்ணம் தென்படும். சிறு டியூபுகளைத் தாங்கிச் சுழன்று, உயிரணுக்களையும் டி.என்.ஏ.வையும் திரவத்தினின்று பிரித்து அடியில் படியவைக்கும் இந்த ரோட்டர் பழுதுற்றுப் போகும்போது, வேறொன்று வாங்குவதைச் சாதாரண உதிரிபாகக் கொள்முதலாகப் பாவித்து, வந்த கொட்டேஷன்களில் விலை குறைந்ததற்கு ஆர்டர் கொடுத்துக் கோப்பை மூடிவிடும் வழக்கம் அபாயகரமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

8.4 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டர் நிமிஷத்துக்கு 15,000 முறை சுழலும்போது, டியூபின் அடியில் இருக்கும் ஒரு கிராம் திரவம் 21 கிலோ எடையைப் போல் துளைச் சுவரை அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். ஆகவே தண்டில் பொருந்தி உட்காருகிறது என்பதனாலேயே ஒரு ரோட்டர் அந்த யந்திரத்துக்கு உரியதாகிவிடாது. அது உடைந்து சிதறினால் துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் வலிமை யந்திரத்தின் கவசத்துக்கு உண்டா என்பதைத் தயாரிப்பாளர் சோதித்து அங்கீகரித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1998 டிசம்பரில், இதைவிடப் பன்மடங்கு பெரிய அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் ஒன்றில், அந்த மாடலுக்கு அங்கீகரிக்கப்படாத அலுமினிய ரோட்டர் வெடித்து, கவசத்தையும் மீறி, அறையின் நான்கு ஜன்னல்களையும் நொறுக்கியது. அதே ரோட்டர் அதற்குமுன் பலமுறை எவ்விதத் தீங்குமின்றிச் சுழன்றிருந்தது என்பதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

இக்காரணம் பற்றியே, பூர்வ சரித்திரம் தெரியாத பழைய ரோட்டரை, எவ்வளவு சகாயமாகக் கிடைத்தாலும், ஏற்கலாகாது என்கிறேன். உப்புக் கரைசல் ஒரு சொட்டுத் துளையின் அடியில் சிந்தித் துடைக்கப்படாமற் போனாலும், கிருமிநாசினியாக ப்ளீச்சிங் திரவம் ஊற்றப்பட்டாலும், அலுமினியத்தின் மேற்பூச்சு அரிக்கப்பட்டு, முதலில் வெண்மையான பொடியும், அதனடியில் குண்டூசி முனையளவு குழியும் தோன்றும். அந்தக் குழியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒவ்வோர் ஓட்டத்திலும் சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டே போகும். வெளிப்புறத்தை மெருகிட்டுப் பளபளப்பாக்கி விற்பவரிடம் இதைக் கேட்டு அறிய முடியாது.

ஆரம் வேறான ரோட்டரை வாங்குவதால் பரிசோதனையின் முடிவும் மாறக்கூடும். 8.4 சென்டிமீட்டருக்குப் பதில் 7 சென்டிமீட்டர் ஆரமுள்ளதை வாங்கி, பழக்கப்படி 13,000 சுற்றிலேயே ஓட்டினால், புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 15,870 மடங்காக இருந்த விசை 13,225 மடங்காகக் குறைந்து, படியவேண்டியது முழுதும் படியாமற் போகலாம். செய்முறைக் குறிப்புகளில் சுற்றை மட்டும் எழுதாமல் விசையையும் எழுதிவைத்தவர்களுக்கு இத்தொல்லை இல்லை.

தகுந்த ரோட்டரை வாங்கக் கொள்முதல் விதிகள் குறுக்கே நிற்கின்றன என்று சொல்வதும் பொருந்தாது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 166ஆம் விதி, ஏற்கனவே உள்ள சாதனத்தோடு இசைய வேண்டிய உதிரிபாகங்களை, தகுதியுள்ள தொழில்நுட்ப நிபுணரின் ஆலோசனையும் உரிய அதிகாரியின் ஒப்புதலும் இருந்தால், ஒரே நிறுவனத்திடம் வாங்க இடமளிக்கிறது. அந்த ஆலோசனையை எழுதும் நிபுணர், கையொப்பமிடுமுன், யந்திரத்தை அன்றாடம் இயக்கும் டெக்னீஷியனை அழைத்து, மாடல் எண்ணையும், உச்ச வேகத்தையும், நோய்க்கிருமி மாதிரிகளுக்கு வேண்டிய இறுக்கமான மூடியையும் அவரோடு சேர்ந்து சரிபார்க்க வேண்டும். புது ரோட்டரின் சரித்திரமும் பின்னாளில் தெரியாமற் போகாதிருக்க, அது வந்த அன்றே அதன் பெயரில் ஒரு பதிவேடும் திறக்கப்பட வேண்டும்.