பன்றிக்கு ஊசி, மனிதனுக்குப் பாதுகாப்பு

அயனம்பாக்கத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிக்கு மெஷின் முன்னால் வலிப்பு வந்துவிட்டால் என்ன நடக்கும்? கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். பேய் என்பார்கள், பரம்பரை என்பார்கள். மறுநாள் வேலை நிச்சயமில்லை.

வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றில் தடுக்கக்கூடிய ஒன்று பன்றி நாடாப்புழு. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அந்த ஜில்லாவில் ஆராய்ந்து 2006ல் வெளியிட்ட முடிவு, வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் தங்கிய இப்புழுவின் கட்டியே காரணம் என்று காட்டிற்று.

புழு பரவும் வழி என்ன? கக்கூஸ் இல்லாத இடத்தில் மனித மலத்தைப் பன்றி தின்கிறது. மலத்திலுள்ள முட்டைகள் அதன் தசையில் கட்டிகளாகின்றன. சரியாக வேகாத கறி மூலம் கட்டி மனிதன் வயிற்றுக்குப் போய் நாடாப்புழுவாகிறது. அவன் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கையிலும் காய்கறியிலும் ஒட்டிப் பிறர் வாய்க்குள் போகிறது, மூளைக்கும் ஏறுகிறது. கறியே தொடாதவரும் தப்புவதில்லை. ஆகவே பன்றி வளர்ப்போரை ஏசுவது அறியாமை.

இச்சங்கிலியை அறுக்க ஆயுதம் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்ட தடுப்பூசியை, தேசிய பால்வள வாரியத்தின் ஹைதராபாத் நிறுவனமான இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் தயாரிக்கிறது. ஊசி புதிய கட்டியைத் தடுக்கும். ஏற்கெனவே உள்ளதை ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்து அழிக்கும். நேபாளத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தப் பன்றிகள் வழியே புழு பரவுவது நின்றது. இம்முடிவு 2019ல் வெளியாயிற்று.

பின் ஏன் ஊசி சேரிக்கும் கிராமத்துக்கும் வந்து சேரவில்லை? கட்டியுள்ள பன்றி பெரும்பாலும் நோயாளியாகத் தெரிவதில்லை. ஊசி போட்டதற்காக வியாபாரி ஒரு காசும் கூடுதலாகத் தருவதில்லை. செலவு ஏழை வளர்ப்பவன் தலையில், பலன் ஊர் முழுவதற்கும் என்றால் அவன் எப்படிப் போடுவான்? கோமாரிக்கு சர்க்கார் இலவசமாக ஊசி போடுகிறது. பால் குறைந்தால் நஷ்டக் கணக்கு எழுதுகிறார்கள். கூலிக்காரன் மூளையில் புழு ஏறினால் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பன்றிகளுக்கு இந்த ஊசியையும் மருந்தையும் கால்நடை இலாகா வீடு தேடி வந்து இலவசமாகப் போட வேண்டும். குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீரோடு கூடிய கக்கூஸ் வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் வலிப்பு மாத்திரையும் தட்டில்லாமல் கிடைக்க வேண்டும். வலிப்பைக் காட்டி ஆளை வெளியேற்றுவதை சங்கங்கள் அனுமதிக்கக் கூடாது.

தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! கறியை நன்றாக வேகவையுங்கள், கையைக் கழுவுங்கள். அதோடு நின்றுவிடாமல் இக்கோரிக்கைகளைச் சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள்.