மூக்கை நம்பலாமா?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு விசித்திரமான பழக்கம் படிந்துவிட்டது. நள்ளிரவில் கேஸ் வாடை வந்தால் யாரும் எழுந்து அடுக்களைக்குச் செல்வதில்லை. "கம்பெனியில் திறந்து விட்டிருக்கிறான்" என்று கூறி, சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.

அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. வடக்கே எண்ணூரில் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையங்களும். சமையல் எரிவாயு போன்ற நாற்றம் இரவில் வீசுகிறது என்று 2022ஆம் ஆண்டில் திருவொற்றியூர் மக்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெருவில் ஓடினார்கள். நாற்றம் என்றால் அது வெளியிலிருந்துதான் வரும் என்பது இப்பகுதி மூக்குகளுக்குப் பாடமாகிவிட்டது. அந்தப் பாடமே அடுக்களையில் நமக்குப் பகையாகிறது. கசிவு வீட்டுக்குள்ளேயே இருந்தால், சன்னலைச் சாத்துவதைவிடக் கேடான காரியம் வேறில்லை.

சிலிண்டரில் அடைக்கப்படும் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. அதற்கு இயற்கையில் வாடையே கிடையாது. கசிவது தெரியவேண்டும் என்பதற்காக மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடிய பொருள் அது. அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே வாடை தெரிந்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எந்த நாற்றமானாலும் சற்று நேரம் அதிலேயே இருந்துவிட்டால் மூக்கு மரத்துப் போகும். ஜலதோஷம் பிடித்தவருக்கும் முதியவர்களுக்கும் முதலிலிருந்தே தெரியாமலிருக்கலாம். ஆகவே மூக்கை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே நம்பி இருந்துவிடலாகாது.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதைப் பலர் அறிவதில்லை. மேலே எழும்பிப் போகாமல், தண்ணீரைப் போலத் தரையில் படிந்து, பள்ளத்தைத் தேடி ஓடும். கட்டிலுக்கடியில் தங்கும், சாக்கடைத் துளைக்குள் இறங்கும். உயரத்தில் சன்னல் இருக்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது என்று நிம்மதி கொள்வதில் பயனில்லை. ராயபுரத்தின் நெருக்கமான வீடுகளில் அடுக்களை என்பது பெரும்பாலும் நடையின் ஒரு மூலைதான். அதில் மேடை கட்டி, மேடைக்கடியில் சிலிண்டரை வைத்து, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கதவும் போட்டுவிடுகிறார்கள். கசிவு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விடமாட்டார் என்றால், அந்தக் கதவையாவது கழற்றிவிடுங்கள். கதவு வேண்டும் என்றால் அடியில் நான்கு விரற்கடை அறுத்துவிட்டு, மேலேயும் துளைகள் இடச் சொல்லுங்கள். அடுக்களைச் சுவரில் தரைமட்டத்தை ஒட்டி ஒரு திறப்பு இருப்பது இன்னும் நல்லது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கவேண்டும்.

எண்ணூர் துறைமுகத்தில் 2019இல் திறக்கப்பட்ட முனையத்தில் இறங்கும் இயற்கை எரிவாயு வேறு. அது காற்றைவிட இலேசானது, மேலே எழும்பும். குழாய் வழியாக அந்த வாயு வரும் வீடுகளில் உயரத்தில் திறப்பு வேண்டும்.

இனி ரப்பர் குழாய். அடுப்பிலும் சிலிண்டரிலும் பிழை நேர்வதைவிட, இடையிலுள்ள இந்த அற்பப் பொருளில் பிழை நேர்வதே அதிகம் என்பது என் எண்ணம். பாத்திரக்கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பச்சைக் குழாயை வாங்காதீர்கள். உள்ளே கம்பி வலை பின்னிய, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஆரஞ்சு நிறக் குழாய் ஏஜென்சியிலேயே கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ஒட்டுப் போடக்கூடாது, சுவருக்குள் செலுத்தக்கூடாது, அழுக்காகிறதென்று துணி சுற்றக்கூடாது. குழாயின் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்தாண்டு ஆகிவிட்டால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடவேண்டும்.

கம்பி வலை எதற்கு என்றால், எலிக்காகவும்தான். உறங்கப் போகுமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததும், எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தைக் கூறியதும் புகாரியின் தொகுப்பில் பதிவாகியுள்ளன. மதரஸாவில் இதைப் பாடமாக நடத்தும்போது, எலி தீ வைக்குமா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். காசிமேட்டுப் பிள்ளைகள் மட்டும் சிரிப்பதில்லை. மீன் வாடைக்கு வரும் பெருச்சாளிகளை அவர்கள் கண்டிருக்கிறார்கள். இன்று திரி இல்லை, குழாய் இருக்கிறது. ஆகவே அடுப்பின் குமிழை மூடினால் மட்டும் போதாது. இரவில் ரெகுலேட்டரையே மூடிவிட்டுப் படுக்கவேண்டும். அப்போதுதான் குழாய் வெறுமையாக இருக்கும்.

ரமலான் மாதத்தில் இது இன்னும் முக்கியம். இரவு முழுவதும் மூடிக் கிடந்த அடுக்களைக்குள் சஹர் நேரத்தில் பாதித் தூக்கத்தோடு நுழைந்து, முதலில் கை போவது விளக்கு ஸ்விட்சுக்குத்தான். அந்த ஸ்விட்சுக்குள் தெறிக்கும் சிறு பொறி போதும். கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்று, வாடை இல்லை என்று தெரிந்த பின் விளக்கைப் போடுங்கள்.

வாடை இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடவேண்டாம். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எரியும் ஊதுபத்தியோ விளக்கோ இருந்தால் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் எரிவாயுக் கசிவைக் கேட்டுக்கொள்ளும் எண் அது.

மூக்குக்குப் பதிலாக வேறு எதை நம்புவது? சோப்பு நுரையை நம்பலாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும், அத்தோடு பிறை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையும், சோப்பு கரைத்த நீரைச் சிறு துணியால் குழாயின் இரு முனைகளிலும், ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்கும் வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களை அடுக்களைக்குள் விடாதீர்கள். சிலிண்டர் வந்து இறங்கியதும் மூடியைக் கழற்றி உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் முடிய. பி-28 என்றிருந்தால் 2028 ஜூனுக்குப் பின் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போகவேண்டும். நாள் கடந்தது வந்தால் ஏற்க மறுப்பது உங்கள் உரிமை.

உப்புக்காற்று நம் பகுதியின் தனித்தொல்லை. பர்னரின் துளைகளில் துருவும் கரியும் அடைந்தால் நீலச் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும். துளைகளை நீங்களே சுத்தம் செய்யலாம். உள்ளிருக்கும் ஜெட்டை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஈரத்தரையில் சிலிண்டரின் அடிவளையம் அரித்துப்போகும். பலகை மேல் வையுங்கள். 2023 டிசம்பர் புயல்மழையின்போது மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோடு கலந்து எர்ணாவூர், எண்ணூர் வீடுகளுக்குள் புகுந்து சுவரெல்லாம் கறுப்புக் கோடு போட்டதே, அப்படி எண்ணெய் படிந்த ரப்பர் குழாய் எதுவானாலும் துடைத்துப் பயன்படுத்த உகந்ததல்ல. ரப்பரை எண்ணெய் ஊதி இளக்கிவிடும். நீரில் மூழ்கிய ரெகுலேட்டரையும் மெக்கானிக்கிடம் காட்டாமல் பொருத்தலாகாது.

2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு தரத் தொடங்கிய பிறகு, நம் சென்னைப் பேச்சில் "கிருஷ்ணாயில்" எனப்பட்ட மண்ணெண்ணெய் ஸ்டவ் பரணுக்கு ஏறிவிட்டது. ஆனாலும் சிலிண்டர் தீர்ந்த நாளில் அது இறங்குகிறது. ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டதால் தின்னர், பெட்ரோல் என்று கண்டதையும் கலந்து ஊற்றுவோர் உண்டு. பம்ப் ஸ்டவ்வின் தொட்டியில் இதைவிட ஆபத்து வேறில்லை. எரியும்போதும் சூடு ஆறுமுன்பும் எண்ணெய் ஊற்றவேண்டாம். அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்தவேண்டுமேயன்றி, மேலும் மேலும் பம்ப் அடிக்கலாகாது. (அந்நாளைய பத்திரிகைகளில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்று வந்த செய்திகள் பலவற்றில் ஸ்டவ் குற்றவாளியல்ல. 1986இல் வரதட்சணைச் சாவுக்கென்றே 304-பி என்ற சட்டப்பிரிவு சேர்க்கப்பட்டது அதனால்தான்.)

தீ பிடித்துவிட்டால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். 2017 ஜூலையில் ஓர் இரவு கொடுங்கையூரில் பூட்டிக் கிடந்த பேக்கரி ஒன்றில் தீப்பற்றி, தீயணைப்புப் படையினர் வேலை செய்துகொண்டிருந்தபோதே உள்ளிருந்த சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். தெருவில் கூடி நின்ற ஏராளமானோர் கருகினார்கள். அவர்களில் சிலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள்.

சிறு தீக்காயம் பட்டால் பற்பசை, பேனா மை, இட்லி மாவு எதுவும் தடவவேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். ஐஸ் கட்டியும் வேண்டாம். வளையல், மோதிரங்களை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், தூய துணியால் மேலே போர்த்தி, 108 வண்டியை அழையுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்திற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.