நெல்லிக்காய் சாப்பிடுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க

1/ "கொலஸ்ட்ரால் கெட்டதே இல்லை. அது ஆக்ஸிடைஸ் ஆனாதான் ஆபத்து. அதனால கிரீன் டீ கேப்சூல், திராட்சை விதை மாத்திரை போதும், டாக்டர் கொடுத்த மாத்திரை வேண்டாம்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. இதுல பாதி உண்மை. அதனாலதான் நிறைய பேர் நம்பிடறாங்க. சின்ன த்ரெட்.

2/ உண்மை எது? கொழுப்பைச் சுமந்துட்டுப் போற எல்.டி.எல் துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள நுழைஞ்சு மாட்டிக்கும். அங்கே ஆக்ஸிடைஸ் ஆகும். நாள்பட்ட எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதே, கிட்டத்தட்ட அதே வேதிவினைதான். கெட்டுப்போன துகள்களை வெள்ளை அணுக்கள் விழுங்கி, வீங்கி, அங்கேயே தங்கிடும். அடைப்பு இப்படித்தான் வளருது.

3/ தாவரங்கள்ல இதைத் தடுக்கிற பொருட்கள் இருக்கிறதும் உண்மை. நல்லெண்ணெய் சீக்கிரம் கெடாம இருக்கிறதுக்கு செசமால் மாதிரியான பொருட்கள் ஒரு காரணம். சோதனைக் குழாய்ல வைட்டமின் ஈ-யும் பாலிஃபீனாலும் எல்.டி.எல்-ஐக் காப்பாத்துது. ஆனா நம்ம உடம்பு சோதனைக் குழாய் இல்லை.

4/ 2002-ல வெளியான பிரிட்டனின் ஹார்ட் புரொடக்‌ஷன் ஸ்டடி. 20,536 பேர், சுமார் 5 வருஷம். ரெண்டையும் ஒரே ஆய்வுல சோதிச்சாங்க.
வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின்: மாரடைப்பு, பக்கவாதம் குறையலை.
சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி: சுமார் கால்வாசி குறைஞ்சது.

5/ "பலன் இல்லைன்னாலும் கெடுதல் இல்லையே?" அதுவும் உறுதியில்லை. ஃபின்லாந்துல புகைபிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆண்கள்ல செய்த ஆய்வு 1994-ல வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமா வந்துச்சு.

6/ ஸ்டாட்டின் ஏன் வேலை செய்யுது? கல்லீரல் ரத்தத்துல இருந்து எல்.டி.எல்-ஐ அதிகமா இழுத்துக்க வைக்குது. சுவருக்குள்ள நுழையற துகளே குறைஞ்சா, அங்கே கெட்டுப்போக என்ன இருக்கும்?

7/ அப்போ நெல்லிக்காய், கீரை, கொய்யா, வேர்க்கடலை வேண்டாமா? தாராளமா சாப்பிடுங்க. அதுல நார்ச்சத்து, பொட்டாசியம், நல்ல கொழுப்புன்னு நிறைய இருக்கு. அதுல இருந்து ஒண்ணை மட்டும் பிரிச்சு டப்பாவுல அடைச்சு விக்கும்போது, அது உணவும் இல்லை, மருந்தும் இல்லை.

8/ ஸ்டென்ட் வெச்சவங்க இந்த ஃபார்வர்டை நம்பி மாத்திரையை நிறுத்திட்டு மறுபடி நெஞ்சு வலியோட வர்றாங்க. மாத்திரையால தசை வலி, வேற சந்தேகம் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாத்தலாம். ஸ்டாட்டின் அரசு மருத்துவமனையில இலவசம். அதை விட்டுட்டு கேப்சூலுக்குக் காசு செலவு பண்ணாதீங்க.