பேச மறுத்தால் திமிரா?

‘கைதானவர் பரபரப்பு வாக்குமூலம்’ என்கிற தலைப்பு இல்லாமல் நம் நாளேடுகளுக்கு ஒரு வாரம் நகராது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு குற்றத்தை நிரூபிக்க முடியாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை. நம் நிருபர்களுக்கு இருக்கிறது. மறுநாள் அதே ஆள் மாவுக்கட்டோடு நிற்கும் படம் வரும். கழிவறையில் வழுக்கி விழுந்தாராம். முற்போக்கு பேசும் நண்பர்கள்கூட அதைச் சிரிப்புக்குறி போட்டுப் பகிர்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆவது பிரிவு. இது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமல்ல, போலீஸ் விசாரணைக்கும் பொருந்தும் என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். வழக்கு யாருடையது என்பதைக் கவனியுங்கள்: ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியுடையது. சொத்துக் குவிப்பு விசாரணைக்காகக் கட்டக்கில் காவல் நிலையத்துக்கு அழைத்துக் கேள்விகளை எழுத்தில் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார். மறுத்ததே குற்றமென்று வழக்குப் போட்டார்கள். பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னதே தவறு என்றும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

கேள்வியை எழுத்தில் கொடுத்தார்களாம்! நம் தெருப் பையன்களுக்கு எந்த ஆய்வாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார்?

ஞாயிறு மாலைகளில் எங்கள் பகுதிப் படிப்பகத்தில் நான் சட்டம் பேசுவதுண்டு. இந்தத் தீர்ப்பைச் சொன்னதும் ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, வாயத் தொறக்கலன்னா ரெண்டு அடி சேத்துதான் விழும். அப்புறம் எதுக்கு இந்த உரிமை?”

நியாயமான கேள்வி. அடி விழுவதற்குச் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் ‘நகையை இங்கேதான் புதைத்தேன்’ என்று சொல்லி, அந்த இடத்தில் நகை கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். பழைய 27-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே யாரையாவது அடித்து எதையாவது ‘மீட்க’ வேண்டும். யாரை? குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் போனது. நகை காணாமல் போனால் இருளர், குறவர் குடியிருப்புக்கு முதலில் ஜீப் போகும் பழக்கம் போகவில்லை. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு கொல்லப்பட்டதும் ஒரு நகைத் திருட்டு விசாரணையில்தான்.

அடி ஒரு பக்கம். மறுப்பை ஊர் எப்படிப் படிக்கிறது என்பது இன்னொரு பக்கம். வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2023-இல் டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் தர அந்த மக்களில் சிலர் மறுத்தார்கள். உடனே ‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமேன்’ என்ற பழமொழியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைரேகையும் கையெழுத்து மாதிரியும் தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-இலேயே சொல்லியிருக்கிறது. ரத்தத்துக்கும் அதே வாதத்தைத்தான் வைக்கிறார்கள். சட்டம் அப்படியே இருக்கட்டும். பாதிக்கப்பட்டவர்களின் தயக்கத்தைக் குற்ற ஒப்புதலாக மாற்றியது எந்தச் சட்டம்? 2025 ஜனவரியில் அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர் மேலேயே குற்றப்பத்திரிகை வந்தது. தொழிலதிபர் விசாரணையில் வாய் திறக்கவில்லை என்றால் ‘வழக்கறிஞர் ஆலோசனைப்படி’ என்று எழுதுவார்கள். சேரிப் பையன் வாய் திறக்கவில்லை என்றால் அதன் பெயர் திமிர்.

அதனால் சட்டமே வீண் என்று சொல்லும் தோழர்களோடும் நான் உடன்படவில்லை. சத்பதியின் மவுனம் தாக்குப் பிடித்ததற்குக் காரணம் வெளியே வழக்கறிஞரும் பெயரும் செல்வாக்கும் காத்திருந்தது. நம் பையனுக்கு அந்த ‘வெளியே’வை அமைப்புகள்தான் உண்டாக்கித் தர வேண்டும். அண்ணல் பிறந்தநாளுக்கு ஐம்பது பைக் திரட்ட முடிகிற நம்மால், இரவு பதினோரு மணிக்குக் காவல் நிலைய வாசலுக்கு ஐந்து பேரை அனுப்ப முடியாதா?

படிப்பகத்தில் அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சாட்சியாக விசாரிக்கக் கூப்பிட்டால் எழுத்து மூலமான அழைப்பைக் கேள். அது சட்டத்தில் இருக்கிறது. தனியாகப் போகாதே. பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட பையன்களையும் 60 தாண்டிய பெரியவர்களையும் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். பெயர், முகவரி சொல். உன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு ‘வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார்’ என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்திக்கொள். கைதானால் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். காசில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வெற்றுத்தாளில் போடவே போடாதே. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவார்கள். அடித்திருந்தால் அங்கே சட்டையைக் கழற்றிக் காட்டு. அந்த இடத்தில் மட்டும் மவுனமாக இருந்துவிடாதே.