வெற்றுத் துளைகளும் விலைமிக்க மூடிகளும்

இலக்கியம் பேசும் இடத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் புத்தகத்துக்கு அடுத்தபடியாகக் கைப்பணத்தைச் செலவிடுவது இசை கேட்பதற்குத்தான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இங்கே பேச வந்த பொருள் சிறிதானாலும் அது எழுப்பும் கேள்வி சிறிதன்று என்பது. ‘நான் உணர்ந்தேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அந்த உணர்வு எதற்குச் சான்றாகும்? விமர்சனத்தில் நாம் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

பொருளுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ஐந்தாறு ஜோடித் துளைகள் இருக்கும். சி.டி., ட்யூனர், டேப், ஃபோனோ, ஆக்ஸ் என்று பெயர் எழுதியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அவற்றுள் ஒன்றோ இரண்டோதான் பயன்படுகின்றன. மற்றவை வெறுமனே திறந்து கிடக்கின்றன. அந்த வெற்றுத் துளைகள் காற்றில் உலவும் மின்காந்த இரைச்சலை உள்ளிழுத்துக்கொள்கின்றன என்றும், அவற்றுக்கு மூடியிட்டால் இசையில் ஒரு தெளிவும் ஆழமும் வந்துசேர்கின்றன என்றும் ஒலி ஆர்வலர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இதற்கென்றே வெள்ளியும் தங்கமும் பூசிய மூடிகள் விற்பனையாகின்றன. சில மூடிகளின் விலையில் ஒரு கவிஞரின் முழுத் தொகுப்பையும் வாங்கிவிடலாம்.

மூடிகளில் இரண்டு வகை உண்டு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் வகை வெறும் உறை. தூசியையும் ஈரத்தையும் தடுக்கும். உலோகம் கறுத்துப்போவதைத் தாமதப்படுத்தும். கடற்கரை ஊர்களில் வசிப்போருக்கு இது பயனுள்ள பொருளே. ஆனால் இன்று கேட்கும் பாட்டோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாம் வகை, துளையின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் ஒன்றாக இணைத்துவிடுவது. ‘ஷார்ட்’ செய்வது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இது அந்த உள்ளீட்டில் இரைச்சல் தேங்க இடமில்லாமல் செய்கிறது என்பது உண்மை. ஆனால் எந்த உள்ளீட்டில் என்று கேட்க வேண்டும். நாம் கேட்காத உள்ளீட்டில்! அங்கே அடங்கிய இரைச்சல் நாம் கேட்கும் பாட்டை எப்படி மாற்றும்?

ஒரு வழி இருக்கிறது. ஓர் உள்ளீட்டில் உள்ளது தேர்வுச் சுவிட்சைத் தாண்டி மற்றொன்றுக்குள் கசியலாம். எவ்வளவு கசியும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். சி.டி. பிளேயர் தரும் உச்ச அளவுச் சமிக்ஞை ஏறத்தாழ 2 வோல்ட். வெற்றுத் துளை ஒன்று 1 மில்லிவோல்ட் இரைச்சலை வாங்கிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம், தாராளமான கணக்குத்தான். சுவிட்சின் தடுப்பு 60 டெசிபல் என்றால், கசிவது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மைக்ரோவோல்ட். அது 2 வோல்ட்டில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. டெசிபலில் சொன்னால் 126 கீழே. சி.டி.யின் 16 பிட் பதிவு தாங்கும் வீச்சே ஏறக்குறைய 96 டெசிபல்தான். ஆம்ப்ளிஃபயர் தானாக எழுப்பும் இரைச்சல்கூட இதைவிடப் பெரிது. மூடி எதை அடக்கிற்றோ அது முன்பும் நம் காதுக்கு எட்டியதில்லை.

ஆயினும் இந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யிலிருந்து பிறந்ததும் அன்று. ஃபோனோ என்று எழுதிய துளையின் கதை வேறு. இசைத்தட்டின் ஊசி முனையிலிருந்து, மூவிங் மேக்னட் வகையில், வருவது 5 மில்லிவோல்ட் அளவே. அதை ஃபோனோ பகுதி 1000 ஹெர்ட்ஸில் சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. 1954இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவின்படி, வெட்டும்போது குறைத்த தாழ்ந்த சுரங்களைத் திரும்ப உயர்த்தவும் வேண்டும். 50 ஹெர்ட்ஸில், அதாவது நம் வீட்டு மின்சாரம் முனகும் அதே இடத்தில், மேலும் 7 மடங்கு. ஆக 700 மடங்கு. முன் சொன்ன அதே 1 மில்லிவோல்ட் இங்கே 0.7 வோல்ட் ஆகிவிடும். சுவிட்ச் அதே அளவு தடுத்தாலும், கசிவது 2 வோல்ட்டில் ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், ஒலியைக் கூட்டி வைத்திருந்தால், அது மெல்லிய முனகலாகக் கேட்கக்கூடும். அதனால்தான் 1970களின் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஃபோனோ துளைகளில் ஷார்ட் ஊசிகளைச் செருகியே அனுப்பினார்கள். ஆபரணமாக அன்று, தேவையறிந்து செய்தது. ஓரிடத்தில் உண்மையாக இருந்த ஒன்றைப் பின்னர் எல்லாத் துளைகளுக்கும் பொதுவாக்கியதே பிழை.

அந்தப் பொதுவாக்கலில் ஆபத்தும் உண்டு. ஷார்ட் செய்யும் மூடியை ‘அவுட்’ என்று எழுதிய துளையில் ஒருபோதும் செருகலாகாது. டேப் அவுட்டில் செருகினால் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலியே நசுங்கலாம். ப்ரீ அவுட்டில் செருகினால் கருவியே பழுதாகலாம்.

அப்படியானால் மூடியிட்ட பிறகு மாற்றத்தைக் கேட்டதாகச் சொல்வோர் பொய் சொல்கிறார்களா? இல்லை என்றே நான் கருதுகிறேன். மூடியிடுபவர் கருவியை வெளியே இழுக்கிறார், தூசி துடைக்கிறார், வழியில் நிற்கும் கம்பிகளைக் கழற்றி மாட்டுகிறார். அந்த உரசலில் பழைய முனைகளின் கறை அகன்று, தொடர்பு சீராகியிருக்கலாம். அதன்பின் அவர் விளக்கைத் தணித்து, செல்பேசியை ஒதுக்கி, பல மாதங்களாகக் கேட்காத கவனத்தோடு அமர்ந்து கேட்கிறார். கவனித்தால் எந்தப் பாட்டிலும் புதியது கேட்கத்தான் செய்யும். கேட்டது மெய், காரணம் மூடி என்பதுதான் மெய்யன்று.

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைகளை எண்ணிய பின் அளவைப் போலிகளும் எண்ணப்படுகின்றன. அவற்றுள் திரியக் கோடல் என்பது இப்பியை வெள்ளி என்று கொள்வது. தேராது தெளிதல் என்பது வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் ஆள் என்று முடிவுகட்டுவது. இப்பியின் பளபளப்பு பொய்யன்று. வெள்ளி என்ற முடிவே பொய். நம் மூடிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தேர்வதற்கு வழி எளிது. நண்பர் ஒருவர் கருவியின் பின்னால் இருந்துகொண்டு, ஒலியைத் தணித்து, நாணயம் சுண்டி மூடியைப் போடட்டும் அல்லது எடுக்கட்டும். நீங்கள் பார்க்காமல் கேட்டுச் சொல்லுங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நேர்ந்திருக்க 100க்கு 4 வாய்ப்பே உண்டு. உங்கள் சொல்லை மதிக்கத்தான் வேண்டும். அவசரத்தில் காது பிடிபடாது என்பீர்களாயின், ஒவ்வொரு முறைக்கும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். விதி அதைத் தடுக்கவில்லை. கண்ணைக் கட்டுவது காதை அவமதிப்பது ஆகாது. ஃபிளாயிட் டூலும் ஷான் ஓலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் இட்ட மதிப்பெண்கள், அவற்றைத் திரைக்குப் பின்னால் வைத்தபோது மாறிப்போயின. கண் காதுக்குள் பேசுகிறது என்பதையே அது காட்டிற்று.

எனக்கு இதில் கவலை தருவது பணம் மட்டுமன்று. ‘உனக்கு வித்தியாசம் கேட்கவில்லையா? காது இன்னும் பழகவில்லை’ என்ற வாசகம்தான். எளிய கருவியில் மதுரை மணி ஐயரைக் கேட்டு மனம் நெகிழும் ஒரு மாணவனிடம் இதைச் சொன்னால், அவன் தன் ரசனையைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். ரசனை அவனிடமிருந்து நழுவிக் கடை அலமாரிக்குப் போய்விடுகிறது. இலக்கியத்திலும் ‘உனக்குப் புரியாது’ என்று வாசகன் வாயை அடைப்பவர்களை நாம் அறிவோம். சோதிக்க மறுக்கும் நுண்ணுணர்வு, அதிகாரத்தின் வேறு பெயரே ஆகும்.

ஆகவே என் கருத்து இது. தூசிக்குப் பயந்தால் பிளாஸ்டிக் உறை போதும். ஃபோனோ துளை காலியாக இருந்து, முனகலும் கேட்டால், சாதாரண ஆர்.சி.ஏ. பிளக்கின் நடுமுனையை வெளிவளையத்தோடு பற்றவைத்துச் செருகுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவான பிளக்கே போதும். மற்றத் துளைகள் திறந்தே கிடக்கட்டும். மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் நான்கு இசைத்தட்டுகள் வாங்கலாம். அவற்றில் கேட்கும் வித்தியாசத்துக்குச் சோதனை தேவைப்படாது.