தொலைவு விதிக்கும் தண்டனை



பாம்பனில் மீன் விற்று வாழும் பெண்ணொருத்தி, காலை ஏழு மணிக்கு, "ஐயோ, மண்டை பிளக்குதே!" என்று அலறிச் சாய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நொடியில் உச்சத்துக்கு ஏறிய வலி. வாழ்நாளில் அவள் கண்டிராத வலி. வாந்தி வருகிறது, கழுத்து விறைக்கிறது. பித்தம் என்கிறார் ஒருவர். ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்புகிறார் இன்னொருவர். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடவும் ஆள் உண்டு!

நடந்தது என்ன? மூளையின் அடிப்புறத்தில் இரத்தக் குழாய் கிளை பிரியும் இடத்தில், நைந்துபோன சைக்கிள் டியூப் புடைப்பதைப் போலச் சிறு புடைப்பு ஒன்று ஓசையின்றி வளர்ந்திருக்கிறது. அனியூரிசம் என்பர் மருத்துவர். அது வெடித்து, மூளையைச் சுற்றி இரத்தம் பரவிவிட்டது. அந்தக் கசிவு உறைந்து நின்றால் உயிர் தங்கும். ஆனால், அது விடுதலை அன்று, தவணை! மறுமுறை வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்திலேதான் மிகுதி. அதிலும் முதற்சில மணிகளில் மிக மிகுதி. மறுமுறை வெடித்தால் மீள்வோர் சிலரே.

உலகக் கணக்குப்படி ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேரை இது தாக்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 7.21 கோடி பேர் கொண்ட தமிழகத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்கு 4,000 பேருக்கும் மேல்! ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மூன்றில் ஒரு பங்கினர் மாள்கின்றனர். பிழைத்தோரிலும் பலர் பழைய வேலைக்குத் திரும்புவதில்லை.

மருத்துவம் கையறு நிலையிலா நிற்கிறது? இல்லை. 1937இலேயே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் மாட்டி மூடினார். 1990ஆம் ஆண்டுவாக்கில் குக்லியெல்மி என்னும் இத்தாலியர் வேறு வழி கண்டார்: தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழல் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பி அடைப்பது. இரு முறைக்கும் ஏற்றவர் எனத் தேர்ந்த 2,143 நோயாளிகளைக் கொண்டு நடந்த பன்னாட்டு ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, இறந்தவரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதவரும் சேர்ந்து, கிளிப் மாட்டியவர்களில் நூற்றுக்கு 30.6, சுருள் வைத்தவர்களில் 23.7. நம் மண்ணும் பின்தங்கி நிற்கவில்லை. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறைக்குக் கால்கோளிட்டனர். முக்கால் நூற்றாண்டு ஆகிறது!

அப்படியானால் பாம்பன் பெண்ணின் உயிரைத் தீர்மானிப்பது எது? நோயா? இல்லை, மதுரைக்கு உள்ள ஏறத்தாழ 160 கிலோமீட்டர்!

இதற்கு மேடையில் எளிதாக ஒரு விடை சொல்லிவிடுவார்கள். "மாவட்டந்தோறும் மூளை அறுவை அரங்கு!" கைதட்டல் கிடைக்கும், உயிர் கிடைக்காது. கசப்பாயினும் சொல்லத்தான் வேண்டும். இது எப்போதேனும் ஒருமுறை செய்து பழகும் வேலை அன்று. ஆண்டுக்கு 10 பேருக்கும் குறைவாக இந்நோயரைக் காணும் மருத்துவமனைகள், 35 பேருக்கு மேல் காணும் இடங்களுக்கு அவர்களை விரைந்து அனுப்புவது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்று அமெரிக்க இதயநோய்ச் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. மேலும், புடைப்பை மூடியதோடு வேலை முடிவதில்லை. நான்காம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைத்தவரைப் பக்கவாதத்தில் தள்ளலாம். இரவும் பகலும் விழித்திருக்கும் செவிலியர் வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும். ஒரே ஒரு அறுவை மருத்துவரை நியமித்து, அவரும் மாற்றலாகிப் போனபின் பூட்டிக் கிடக்கும் அரங்கு எதற்கு? கல்வெட்டுக்கு வேண்டுமானால் உதவும்.

அதற்காக எல்லாரும் சென்னைக்கே வரட்டும் என்பதா? அது அதைவிடக் கொடுமை. மதுரை, நெல்லை, கோவை, சேலம், திருச்சி, தஞ்சை போன்ற மண்டல மருத்துவமனைகளில் கிளிப்பும் சுருளும் இரண்டும் இரவு பகலாகச் செய்யவல்ல முழுக் குழு இருக்க வேண்டும். பெயர்ப்பலகை போதாது. ஞாயிற்றுக்கிழமையும் செய்ய வேண்டும். நோய் நாள் பார்த்து வருவதில்லை அல்லவா?

மாவட்ட மருத்துவமனையின் கடமை வேறு, அதுவும் சிறிதன்று. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இராமநாதபுரமும் அவற்றுள் ஒன்று. கட்டடம் வந்துவிட்டது. திடீர்த் தலைவலியை ஐயுறும் கண் வந்ததா? வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்துத் தேர்ந்தவர் பார்த்தால், இரத்தக் கசிவு ஏறத்தாழத் தவறாமல் தெரிந்துவிடும். நேரம் கடந்துவிட்டால், ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தைத் தொலைபேசியிலேயே மதுரைக்கு அனுப்பலாம். இரத்த அழுத்தத்தை அடக்கி, படுக்கை உறுதி என்று அறிந்த பின்னரே வண்டி புறப்படவேண்டும். 108 வண்டி 2008 முதல் ஓடுகிறது. ஆனால், வாசல் வாசலாக அலைந்து திரும்புவதற்கா அது?

பணம் எங்கே என்பர். சுருள் விலை மிக்கதுதான். கிளிப் மலிவு, ஆனால், அதை மாட்டும் கை பல்லாண்டுப் பயிற்சியில் விளைவது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். சாலையில் நேரும் விபத்துக்கு அந்த நியாயம் என்றால், மண்டைக்குள் நேரும் விபத்துக்கு மட்டும் ஏன் இல்லை?

இன்னும் ஒன்று. நிமோடிபின் என்றொரு மாத்திரை. 1989இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 554 நோயாளிகளில், இதை உண்டவர்களுள் நூற்றுக்கு 22 பேருக்கே மூளைத் திசு இரத்தமின்றிச் சிதைந்தது, உண்ணாதவர்களுள் 33. நான்கு மணிக்கொருமுறை, 21 நாட்கள். அதற்கு அரங்கும் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை மாவட்ட மருத்துவமனையைப் பார்வையிட வரும்போது, புதுக் கட்டடத்தின் வண்ணத்தைப் பார்த்தது போதும், மருந்தறைக்கு வாருங்கள் என்று அழைத்துச் சென்று கேளுங்கள் தோழரே: அந்த மாத்திரை இருக்கிறதா?